குறை கூறுவதும் தொண்டே

நம்மவர் நூலொன்று வெளிவந்தால், மேடையில் மாலையும் ஏட்டில் புகழுரையும் தவறாமல் கிடைக்கின்றன. குறையை எடுத்துச் சொல்பவனுக்கோ பொறாமைக்காரன் என்ற பட்டமே கிடைக்கிறது. கடிந்துரைத்தால் இளம் எழுத்தாளன் வாடி மடிந்துவிடுவான் என்று அஞ்சுவோர், ஆங்கிலக் கவி கீட்சைச் சான்று காட்டுவர்.

1818ஆம் ஆண்டில் கீட்சின் ‘எண்டிமியன்’ காவியத்தைப் பத்திரிகைகள் கடுமையாகத் தாக்கின. 1821இல் அவர் 25ஆம் வயதில் மறைந்தபோது, அக்கண்டனமே அவரைக் கொன்றதென ஷெல்லி இரங்கற்பா பாடினார். உண்மையில் உயிரைக் குடித்தது காசநோய். கீட்சோ தம் நூலின் முதிராமையை அதன் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டவர். அவருடைய மிகச் சிறந்த பாடல்கள் அத்தாக்குதலுக்குப் பின், 1820இல், நூலாக வந்தன.

எனினும் அத்தாக்குதல்களை நாம் மதிப்புரை எனக் கொள்ளோம். ‘குவார்ட்டர்லி ரெவ்யூ’வில் எழுதியவர், நான்கு பகுதிகளுள் முதலாவதற்கு மேல் படிக்கவில்லையென்று தாமே கூறினார். ‘பிளாக்வுட்ஸ்’ பத்திரிகையோ, மருந்துக்கடைத் தொழில் பயின்ற கீட்சை அக்கடைக்கே திரும்பிப் போகுமாறு ஏளனம் செய்தது. படியாமல் இகழ்வதும், பிறப்பையும் தொழிலையும் பார்த்து இகழ்வதும் ஆணவமேயன்றி விமரிசனம் ஆகா.

தோட்டத்தில் பால் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியாகிய நாம் இதனை நன்கறிவோம். கொணர்ந்தவர் யாரென்று பாராமல், பாலில் ரப்பர்ச் சத்து எவ்வளவு என்று சோதித்தே எழுதுதல் வேண்டும். முகத்துக்கு அஞ்சித் தண்ணீர் கலந்த பாலையும் நல்ல பாலென எழுதினால், விடியுமுன் எழுந்து நல்ல பால் கொணர்ந்தவருக்கன்றோ அநீதி செய்தவராவோம்! பொய்ப் புகழுரையும் அத்தகையதே. அது நல்ல நூல் எழுதியவன் உழைப்பை மலிவாக்குகிறது; வெட்டுக் கூலியில் மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கும் தொழிலாளியை ஏமாற்றுகிறது.

கண்டிப்பு வளர்க்கும் என்பதற்கு இந்நாட்டிலும் சான்றுண்டு. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேச’னில் கதை வகுப்பு நடத்தி, வாசகர் எழுதியனுப்பிய கதைகளைத் தரம் பிரித்தனர். அதனால் எழுத்தாளர் குறையவில்லை, பெருகினர்.

ஆனால் தராசு பிடிப்பவன் கையும் நேராக இருத்தல் வேண்டும். கள்ளத் தராசின் கொடுமையைத் தோட்டத்தார்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே குறை கூறுவோர் முழுதும் படித்துக் கூறுக. குறையுள்ள இடத்தைச் சுட்டிக் கூறுக. ஆளை விட்டு எழுத்தை நிறுக்க. அவ்வாறு நிறுத்துச் சொல்பவனைப் பகைவனென எண்ணாதிருக்கும் நாளிலேதான் நமது இலக்கியம் தன்மானம் பெறும்.