கிட்டத்தான்

பிறருக்காக ஒரு துன்பத்தைப் பொறுத்துக்கொள்கிறோம். பொறுத்துக்கொள்கிறோம் என்பதை அவர் அறியும்படியும் செய்கிறோம். அப்படிச் செய்தபின் அது அவருக்காகப் பொறுத்ததாகுமா, அல்லது அவருக்குக் கொடுத்த கடனாகுமா?

இந்தக் கேள்வி எனக்குத் தியானத்தில் தோன்றியதல்ல. நடு ஆகாயத்தில், முழங்கால் வலியில் தோன்றியது. என் மனைவி யாழ்ப்பாணத்துப் பெண். அவளுடைய அம்மாவும் அக்காளும் கனடாவில், டொராண்டோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு கோடையில் அவர்களைப் பார்க்கப் போனோம். சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றுக்கு 4 மணி நேரம். அங்கே விமான நிலையத்தில் 5 மணி நேரம் காத்துக் கிடத்தல். பிறகு ஒரே மூச்சில் 14 மணி நேரம்.

இந்த 14 மணி நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரண வகுப்பில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே 31 அங்குலமோ 32 அங்குலமோதான். இருக்கையின் பருமனும் அதற்குள்ளேயே அடக்கம். விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றின் அழுத்தத்தை ஆறாயிரம், எண்ணாயிரம் அடி உயரமுள்ள மலைமேல் இருப்பதுபோல வைத்திருக்கிறார்கள். அதாவது, ஊட்டியில் ஓர் அறையில் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு, கால் நீட்டாமல், உதடு வறள உட்கார்ந்திருப்பது போல. ஊட்டியின் குளிர்ச்சியும் பூக்களும் மட்டும் கிடையா. என் பாட்டனார் காலத்தில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர்களுக்குப் பிரயாணம் நாள் கணக்கில் நீண்டது. ஆனால் அவர்கள் எழுந்து நின்று கடலைப் பார்க்கலாம். கும்பலாக உட்கார்ந்து சமைக்கிறவனைத் திட்டலாம்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று மனைவியைக் கேட்டேன்.

"கிட்டத்தான்" என்றாள்.

முன்னாலிருந்த படத்தில் விமானம் இன்னும் ஐரோப்பாவையே தாண்டியிருக்கவில்லை. புகாரை விட்டுச் சற்று தூரமே நடந்து களைத்துப்போன கண்ணகி, மதுரை எங்கே என்று கேட்கிறாள். முப்பது காதம் இருக்கிறது, பக்கந்தான் என்று சொல்லிக் கோவலன் சிரிக்கிறான். எங்கள் விஷயத்தில் கேட்டவன் கோவலன். பதில் சொன்னவள் கண்ணகி. நான் நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் அதே பதில்.

கேட்டது மணி தெரிந்துகொள்வதற்காக அல்ல. மணிதான் படத்தில் இருந்ததே! மளிகைக் கடைக்காரர் பற்று எழுதுவது போல நான் எழுதிக்கொண்டிருந்தேன். முழங்கால் வலி இவ்வளவு, தூக்கமின்மை இவ்வளவு, ஆறிப்போன சோறு இவ்வளவு. பெருமூச்சு விடுவதற்குக்கூட ஓர் அளவு வைத்திருந்தேன். அவள் காதில் விழ வேண்டும்; அடுத்த இருக்கைக்காரர் காதில் விழக்கூடாது.

ஊர் திரும்பியதும் இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். "வலித்தால் வலிக்கிறது என்று சொல்வதில் என்ன தப்பு? மறைப்பதல்லவா பொய்?" என்றார். பாதி நியாயம். கால் வலிக்கிறது என்பது செய்தி. உன் அம்மாவைப் பார்க்க வந்ததால் கால் வலிக்கிறது என்பது பாக்கிச் சீட்டு. இரண்டாவதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் பெருமூச்சுக்கு வேறு என்ன பொருள்?

எங்களுக்குத் திருமணமாகி 16 ஆண்டுகள். ஒவ்வொரு பொங்கலுக்கும், ஒவ்வொரு மாரியம்மன் திருவிழாவுக்கும் அவள் மன்னார்குடிப் பக்கத்திலுள்ள என் கிராமத்துக்கு வந்திருக்கிறாள். இரவெல்லாம் பஸ், விடியற்காலையில் டவுன் பஸ்ஸுக்காக நிற்பது, வீட்டுக்குள் கால் வைத்ததும் நேரே அடுப்படி. அவள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் என் சிற்றப்பாமார்கள் வேறு. எல்லாவற்றையும் கூட்டினால் 14 மணி நேரம் எந்த மூலைக்கு? ஆனால் அதற்குப் பிரயாணம் என்று பெயர் இல்லை. 'ஊருக்குப் போய் வந்தோம்' என்பதோடு சரி. மனைவியின் மனிதர்களைப் பார்க்கக் கணவன் போனால்தான் நம் வீடுகளில் அது பிரயாணமாகிறது. இந்த 16 ஆண்டுகளில் ஒரே ஒரு தடவை கொசுக்கடி தாங்கவில்லை என்றாள். அதற்கே நான் முகம் சுளித்தது இப்போது நினைவுக்கு வருகிறது.

மாமி வாசலிலேயே நின்றிருந்தார். எண்பதைக் கடந்தவர். "வாங்கோ தம்பி, நல்லாக் களைச்சுப் போனியள்" என்றார். இதற்காகவே காத்திருந்தவன் போல என் கணக்கை அவிழ்த்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டார். கால் வைக்க வெந்நீர் கொண்டுவந்தார்.

அன்றிரவு மூன்று மணிக்கு எனக்கு விழிப்பு. நம் ஊருக்கும் அந்த ஊருக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். உடம்பு மத்தியானம் என்கிறது. மாமிக்கு முதுமையால் தூக்கமில்லை. இருவரும் குசினியில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். அப்போதுதான் 1995 அக்டோபர் 30-ஆம் தேதி இரவைப் பற்றிச் சொன்னார். போருக்கு அஞ்சி யாழ்ப்பாணமும் சுற்றுப்புறமும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்ட இரவு. லட்சக்கணக்கான ஜனம், ஒரே சாலை, மழை. சாவகச்சேரி பதினைந்து கிலோமீட்டர் சொச்சந்தான். நாவற்குழிப் பாலத்தைத் தாண்டுவதற்கே இரவு போய்விட்டதாம்.

"இவள் சின்னப்பெட்டை. இன்னும் எவ்வளவு தூரம், இன்னும் எவ்வளவு தூரம் எண்டு கேட்டுக்கொண்டே வந்தவள். எனக்கென்ன தெரியும்? கிட்டத்தான், கிட்டத்தான் எண்டு சொல்லிக்கொண்டு நடந்தனான்" என்றார்.

அந்த இரவைப் பற்றி மனைவி எனக்குச் சொல்லியிருக்கிறாள். இந்த ஒரு சொல்லை மட்டும் சொன்னதில்லை.

பெரிய துன்பத்தைக் கேட்டதும் என் சிறிய துன்பம் பொய்யாகிவிட்டது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அது உண்மையும் அல்ல. மறுநாளும் முழங்கால் வலிக்கத்தான் செய்தது. ஒருவர் பாலம் கடந்தார் என்பதற்காக இன்னொருவர் காலில் வீக்கம் வற்றிவிடாது. என்னை வெட்கப்பட வைத்தது வேறு. மாமி இதைச் சொன்னது என் 14 மணி நேரத்துக்குப் பதிலாக அல்ல. தேநீர் ஆறும்வரை ஏதாவது பேச வேண்டுமே என்று சொன்னார். சொல்லி முடித்ததும், விமானத்தில் சோறு கொடுத்தார்களா, ரொட்டிதானா என்று என்னை விசாரித்தார்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பினோம். மேற்கிலிருந்து வீசும் காற்றின் தயவால் வரும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைச்சல். அங்குலம் அதேதான். வாசலில் மாமியை விட்டு வந்ததிலிருந்து மனைவி பேசவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு முறை எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று திரும்பாமலே கேட்டாள்.

அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படத்தைப் பார்த்து, "பதினோரு மணி நேரம்" என்றேன்.