பெண்மையின் லட்சணம்

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் வழியில், சேத்தூரைக் கடந்ததும், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த தேவதானத்தில், நச்சாடை தவிர்த்தருளிய சுவாமியோடு கோயில் கொண்டிருக்கும் அம்பிகைக்குத் தவம் பெற்ற நாயகி என்று திருநாமம். தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்கள் ஐந்தனுள் ஆகாயத்துக்குரியதாகப் போற்றப்படுவது இத்தலம். அழகையோ ஆபரணத்தையோ முன்னிட்டுப் பேசாமல், தவத்தையே ஒரு பெண் தெய்வத்தின் அடையாளமாக நிறுத்திய அந்தச் சந்நிதியில் மனமுருகி நின்றுவிட்டு வீடு திரும்புகிற நாம்தாம், மகளைப் பார்த்து, "பொம்பளைப் பிள்ளைக்கு என்ன இவ்வளவு சத்தமாச் சிரிப்பு?" என்றும் அதட்டுகிறோம். பெண்ணுக்கு லட்சணம் எது என்னும் வினாவை அந்த அதட்டல் தீர்த்து வைத்துவிடுமா?

அச்சம், நாணம், மடம் என்று தொல்காப்பியர் களவியலில் கூறியதையும், பிற்காலத்தார் பயிர்ப்பைச் சேர்த்து அதை நான்காக்கியதையும் நம் மேடைகள் ஓயாமல் எடுத்துரைக்கின்றன. அதே ஆசிரியர் பொருளியலில் செறிவு, நிறைவு, செம்மை, செப்பு, அறிவு, அருமை என்னும் ஆறையும் பெண்பாலுக்கு உரியனவாக வகுத்திருப்பதைச் சொல்வோர் மிகச் சிலர். சொல்ல வேண்டியதை முறையறிந்து எடுத்துச் சொல்லும் ஆற்றலும் அறிவும் பெண்மையின் குணங்களாக நம் பழைய இலக்கணத்திலேயே இடம் பெற்றிருக்க, மௌனத்தை மாத்திரம் பொறுக்கியெடுத்து மகளிர் தலையில் சுமத்தியது பிற்காலத்தாரின் சௌகரியமே என்று நான் கருதுகிறேன்.

இந்த வட்டாரத்திலேயே, ஸ்ரீவில்லிபுத்தூரில், இவ்வினாவுக்குத் தன் வாழ்வையே விடையாகத் தந்தவள் ஒருத்தி இருந்தாள். பெருமாளுக்கென்று பெரியாழ்வார் தொடுத்து வைத்த மாலையைத் தானே சூடி அழகு பார்த்த ஆண்டாளை, அண்டை வீட்டார் கண்டிருந்தால் நாணமற்றவள் என்றே தூற்றியிருப்பார்கள். தந்தையும் அஞ்சி வருந்தினார். ஆனால் அவள் சூடிய மாலையையே பெருமாள் உகந்தார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. இன்றும் அவள் சூடிக் களைந்த மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்தில் திருமலைக்கும், சித்திரையில் மதுரைக்கு எழுந்தருளும் அழகருக்கும் செல்கிறது. மானிடருக்கு மனைவியாகப் பேசப்பட்டால் உயிர் தரியேன் என்று நாச்சியார் திருமொழியில் தன் வாயாலேயே அறிவித்தவளை, பன்னிரு ஆழ்வார்களுள் ஒருத்தியாகவே நம் முன்னோர் வைத்தார்கள்.

இத்தனை துணிவு கொண்டவள் அடக்கத்தை அறியாதவளா? திருப்பாவையின் இரண்டாம் பாட்டில் அவளும் தோழியரும் ஏற்கும் விரதத்தைப் பாருங்கள். நெய்யும் பாலும் உண்பதில்லை, விடியுமுன் நீராடுவது, கண்ணுக்கு மை இல்லை, கூந்தலுக்குப் பூ இல்லை, செய்யத் தகாததைச் செய்வதில்லை, பிறரைப் பற்றிக் கோள் சொல்வதில்லை, இயன்றவரை ஈவது. ஒருவர் அதட்டி விதித்த கட்டுப்பாடு இதில் ஒன்றுகூட இல்லை. யாவும் தாமே விரும்பித் தமக்கு விதித்துக்கொண்டவை. இதைவிட நுட்பமானது பதினைந்தாம் பாட்டு. எழுப்ப வந்த தோழியரும் இன்னும் எழாதவளும் வாசலுக்கு உள்ளும் புறமுமாகச் சுடுசொல் பரிமாறிக்கொள்ளும் வேளையில், குற்றம் தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று உள்ளே இருப்பவள் ஒரு சொல்லால் வழக்கை முடித்துவிடுகிறாள். வைஷ்ணவனுக்குரிய லட்சணமே இதுதான் என்று வியாக்கியான கர்த்தாக்கள் இவ்விடத்தில் உருகிப் போகிறார்கள். இல்லாத பிழையையும் தன்மேல் ஏற்றுக்கொண்டு பிறர் மனத்தைக் காக்கும் இந்தப் பெருந்தன்மை பயத்தால் வருவதன்று. உள்ளம் நிறைந்தவருக்கே அது கூடும்.

சேறு படியக் குனிந்து நாற்று நட்டுக் குலவையிடுபவளும், ராஜபாளையத்துப் பஞ்சாலையில் இரவு முறை முடித்து வருபவளும், சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி உற்பத்தியில் பாடுபடுபவளும் உரக்கத்தான் பேசுவார்கள். இயந்திரத்தின் இரைச்சலில் மெல்லப் பேசினால் யாருக்குக் கேட்கும்? குரலையும் நடையையும் உடுப்பையும் அளந்து அவர்களுடைய பெண்மைக்கு மதிப்பெண் போடுவது அதர்மம். கோள் சொல்லாமை, தகாததற்கு நாணுதல், வாக்கில் செம்மை, இயன்றதை ஈதல் ஆகிய இவையே லட்சணமென்றால், இவை ஆணுக்கும் உரியவை. வள்ளுவரும் நாணுடைமை அதிகாரத்தின் முதற்குறளிலேயே, தகாத செயலுக்காக வரும் நாணம் வேறு, குலமகளிர் நாணம் வேறு என்று பிரித்துவிட்டு, முன்னதையே மாந்தர் அனைவருக்கும் சிறப்பாக விரித்துரைத்தார். துறவியாகிய ராமாநுஜர் திருப்பாவை ஜீயர் என்று பெயர் பெற்றதும் ஆண்டாளின் விரதம் பெண்களுக்கு மாத்திரம் என்று அவர் ஒதுக்கிவிடாததால்தான்.

ஆகவே, மார்கழியில் பெண்குழந்தைகளை மட்டும் எழுப்பிப் பாட வைக்கும் இல்லத்தாருக்கு ஒரு விண்ணப்பம்: மகன்களையும் எழுப்பி உட்காரவையுங்கள், இரண்டாம் பாட்டுக்கும் பதினைந்தாம் பாட்டுக்கும் அவர்களுக்குப் பொருள் சொல்லிக் கொடுங்கள், மகள் சிரிக்கும்போது அவளைச் சிரிக்க விடுங்கள்.