சர்வர் வரல

எலவனாசூர்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரேஷன் கடை. கைரேகை மிஷினில் ஒரு ஆயா நாலாவது தடவையாகக் கட்டைவிரலை வைக்கிறார். "சர்வர் வரல ஆயா, நாளைக்கு வா" என்கிறார் கடைக்காரர். அவருக்கு ஆயாவைப் பல வருஷமாகத் தெரியும்.

"அரிசி இங்கதானப்பா இருக்கு?"

இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

மெயின்ஃபிரேம் காலத்தில் ஒரே பெரிய மிஷின், ஒரே பேரேடு. அது படுத்தால் எல்லாம் படுத்துவிடும். ஆனால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பமில்லை. பிறகு வேலையைப் பல மிஷின்களுக்குப் பிரித்தார்கள். நம் ரயில்வேயில் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் மையங்களை 1999ல் 'கன்சர்ட்' மென்பொருள் இணைத்தது. ஒவ்வொரு மையமும் தன் ரயில்களின் கணக்கை வைத்துக்கொண்டு, மற்றதை இன்னொன்றிடம் கேட்கும்.

சரி, கேட்கிற வழி அறுந்துபோனால்? எரிக் ப்ரூவர் 2000ல் சொன்னதை கில்பர்ட்டும் லிஞ்சும் 2002ல் நிரூபித்தார்கள்: தொடர்பு அறுந்த நேரத்தில், கணக்கு பிசகாமல் இருக்க 'கிடையாது' என்று சொல்லலாம், அல்லது பிசகினாலும் பரவாயில்லை என்று கொடுக்கலாம். ரெண்டும் சேர்ந்து கிடைக்காது.

எதைத் தேர்வது என்பதைக் கணிதம் சொல்லாது. ஒரு பெர்த்தில் இரண்டு பேர் படுக்க முடியாது, அதனால் ரயில்வே மறுப்பது நியாயம். ஏடிஎம் கதை வேறு. தொடர்பு இல்லாதபோதும் ஒரு வரம்புக்குள் பணம் தரும்படி அதை அமைக்கலாம், வரும் நஷ்டத்தை வங்கி தாங்கிக்கொள்ளும் என்று ப்ரூவரே பின்னால் எழுதினார்.

அப்படியென்றால் 'சர்வர் வரல' என்பது மழை வரல என்பது மாதிரியான செய்தி இல்லை. அறுந்தால் என்ன செய்வது என்று யாரோ முன்கூட்டியே முடிவெடுத்திருக்கிறார்கள். வங்கி வாடிக்கையாளருக்குக் கிடைக்கக்கூடிய அந்தச் சின்ன நம்பிக்கை ஆயாவுக்கு ஏன் இல்லை? கொடுத்தால் அதிகபட்சம் ஒரு மாத அரிசி ரெண்டு தடவை போகும். மறுத்தால் ஒருநாள் கூலி நிச்சயமாகப் போகும்.

எதிர்வாதம் இருக்கிறது, அது பொய்யும் இல்லை. நோட்டை மட்டும் நம்பிய காலத்தில் அரிசி எங்கெல்லாம் போனது என்று ஊருக்கே தெரியும். மிஷின் வந்ததே அதனால்தான். ஆனால் கடத்தியவர்களுக்காகப் போட்ட பூட்டின் விலையை ஆயா கட்டிக்கொண்டிருக்கிறார்.

கடைக்காரரைத் திட்டவும் மனசு வரவில்லை. இன்றைக்கு அவர் நோட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம்தான். நாளைக்குக் கணக்கு உதைத்தால் பதில் சொல்ல அவர் ஒருத்தர்தான் நிற்க வேண்டும். வேலையைப் பிரித்தவர்கள் இதை மட்டும் பிரிக்கவில்லை.

ஆயா பையைக் கடை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். நாளைக்கு வரிசையில் அதுதான் முதல்.