கேட்டால் தேயும்

உங்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு கண்ணாடி டம்ளர் செட் இருக்கிறதா? கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. 'முக்கியமான விருந்தாளி யாராவது வந்தா எடுக்கலாம்' என்று வைத்தது. பதினைந்து வருஷமாக அந்த முக்கியமான விருந்தாளி வரவேயில்லை. நாம் எவர்சில்வர் டம்ளரிலேயே குடித்துக்கொண்டிருக்கிறோம். பீரோவில் ஒரு பட்டுப்புடவையும் இருக்கும். கட்டிக் கிழியவில்லை, மடிப்பிலேயே இற்றுப்போயிருக்கும்.

நல்லதை எடுத்து வைப்பது சிக்கனமா, பயமா? அபிராமபுரத்தில் ஒரு மாடி அறையில் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. இன்னும் போகவில்லை.

அங்கே ஒரு சார் இருக்கிறார். பெயர் வேண்டாம், கோபித்துக்கொள்வார். கப்பல் ஏஜென்ஸி ஒன்றில் வேலை பார்த்து ரிட்டையரானவர். மார்கழியில் தெருவே சபா கேன்டீன் கீரை வடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, இவர் மட்டும் மாடியில் உட்கார்ந்து ஜாஸ் கேட்பார். மாமிக்கு அதில் நிரந்தர வருத்தம். "நாகஸ்வரக்காரர் சீவாளி சரிபண்ற மாதிரியே இருக்கு. எப்பதான் கச்சேரியை ஆரம்பிப்பார்?" என்பார்.

சாருக்கு ஜாஸ் வந்தது ஷார்ட்வேவ் வழியாக. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் 1955-லிருந்து வில்லிஸ் கானோவர் என்பவர் ராத்திரியில் ஜாஸ் போடுவார். அரைகுறை ஆங்கிலக்காரர்களுக்கும் புரிகிற மாதிரி நிறுத்தி நிதானமாகப் பேசுவார். உலகம் பூரா ரசிகர்கள். சொந்த ஊரில்தான் அவரை அதிகம் பேருக்குத் தெரியாது. அந்த ரேடியோவை அமெரிக்காவுக்குள் ஒலிபரப்பக் கூடாது என்று அப்போது சட்டம்!

ரேடியோவில் கேட்டது காற்றோடு போய்விடும். மறுபடி எப்போது போடுவார்களோ? 1958-ல் டேவ் புரூபெக் தன் குழுவோடு மெட்ராஸுக்கே வந்தார். காலேஜ் பையனான சாரிடம் டிக்கெட்டுக்குக் காசில்லை. இந்தக் கதையை என்னிடமே நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவை தவறவிட்டவனுக்குத்தான் சேர்த்து வைக்கிற வெறி வரும் என்று நினைக்கிறேன். சம்பளம் வாங்க ஆரம்பித்ததும் மூர் மார்க்கெட்டில் (1985-ல் அது எரிவதற்கு முன்பு), கப்பல் சிப்பந்திகளிடம், வெளிநாட்டுக்குக் குடிபெயரும் குடும்பங்களிடம் என்று தேடித்தேடி அறுநூறு எல்.பி. ரெக்கார்டு சேர்த்தார்.

அந்த அறுநூறில் ஒன்றைக் கொன்றவன் நான்.

1983, மே மாதம். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைக் கெஞ்சி இரவல் வாங்கினேன். 1959-ல் வந்த தட்டு. ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாதவனையும் உட்கார வைத்துவிடும். சைக்கிள் கேரியரில் செருகிக்கொண்டு கிளம்பியவன், லஸ்ஸில் ஒரு நண்பனைப் பார்த்ததும் காபி சாப்பிட ஒதுங்கினேன். சைக்கிள் வெயிலில் நின்றது. ரெக்கார்டு என்பது ஒரு வகை பிளாஸ்டிக், சூட்டில் இளகும் என்பதெல்லாம் பி.காம். பாடத்தில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் தட்டு பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

சார் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தட்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஓரத்தைப் பார்த்து, "பரவால்லப்பா" என்றார். அதற்கப்புறம் அவர் யாருக்கும் ரெக்கார்டு கொடுத்ததில்லை. நாலு வருஷம் கழித்து அதே தட்டு புதுசாக ஒன்று கப்பலில் வந்தது. அதன் பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டார்.

"ஏன் சார்?"

"பிரிச்சா கேப்பேன். கேட்டா தேயும்."

தேயும் என்பது பொய்யில்லை. அந்தக் காலத்து 78 சுழற்சித் தட்டு அரக்கில் செய்தது. அதில் கல்பொடியும் கலந்திருப்பார்கள். இரும்பு ஊசியைப் பள்ளத்தின் அளவுக்குத் தட்டே தேய்த்துக்கொள்ளும். ஒரு பக்கம் ஓடியதும் ஊசியை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஊசி தட்டைத் தேய்க்கும். நம் தாத்தாக்கள் கஞ்சத்தனமாக ஒரே ஊசியில் ஒரு வாரம் ஓட்டினார்கள். அதனால்தான் இன்றைக்குக் கிட்டப்பா, வாணலியில் கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவே பாடுகிறார். எல்.பி.க்கு வைர ஊசி, கனமும் குறைவு. தேய்மானம் கொஞ்சம்தான். ஆனால், உண்டு.

ஆக, பிடித்த தட்டுதான் முதலில் சாகும். பழைய கடையில் கீறலே இல்லாமல் பளபளவென்று ஒரு ரெக்கார்டு கிடைத்தால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். பெரும்பாலும் அது யாருக்கும் பிடிக்காமல் போனது.

ஆனாலும் எனக்குச் சாரின் மேல் கோபம்தான். ஜாஸ் நம் மனோதர்மம் மாதிரி. 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வுக்கு வாசித்தவர்களிடம் டேவிஸ் சின்னச் சின்னக் குறிப்புகளைத்தான் கொடுத்தார்; மீதியை அங்கேயே, அப்போதே கண்டுபிடித்து வாசித்தார்கள். அந்த நிமிஷத்தில் பறந்த பறவையைத் தட்டில் பிடித்ததே அதிகம். பிடித்ததை மறுபடி பூட்டுவதா?

பிடிபடவே மறுத்தவர்களும் உண்டு. நியூ ஆர்லியன்ஸின் ஃப்ரெடி கெப்பார்டை 1916 வாக்கில் ரெக்கார்டு கம்பெனி கூப்பிட்டதாம். 'என் வாசிப்பை எல்லோரும் திருடிவிடுவார்கள்' என்று மறுத்தாராம். கதைதான். ஆனால், 1917-ல் வெளிவந்த முதல் ஜாஸ் ரெக்கார்டில் இருப்பது வெள்ளைக்காரக் குழு. நம் பக்கம் காஞ்சிபுரம் நாயனா பிள்ளை. லய சிங்கம். டி.கே. பட்டம்மாள் அவரைக் கேட்டு வளர்ந்தவர். 1934-ல் காலமானார். அவர் குரல் ஒரு தட்டிலும் இல்லை. கேட்டவர்கள் சொன்னதைத்தான் நாம் கேட்கிறோம். இருந்தாலும் நாயனா பிள்ளை அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பாடினார். சாரின் அலமாரித் தட்டு யாருக்குப் பாடுகிறது?

இதை அவரிடமே கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமலிருந்துவிட்டு ஜான் கோல்ட்ரேன் விஷயத்தைச் சொன்னார். கோல்ட்ரேன் 1963 மார்ச்சில் ஒருநாள் குழுவோடு ஸ்டூடியோவுக்குப் போய் ஓர் ஆல்பத்துக்கான அளவு வாசித்தார். வெளிவரவில்லை. மாஸ்டர் டேப்பும் பிற்பாடு கம்பெனியிடம் இல்லாமல் போனது. ஆனால், வீட்டில் போட்டுக் கேட்பதற்காக அவர் கொண்டுவந்த ஒரு நகல் டேப், முதல் மனைவி நைமாவிடம் இருந்தது. அந்தக் குடும்பம் அதைத் தூக்கிப் போடவில்லை. 55 வருஷம் கழித்து, 2018-ல் உலகம் அதைக் கேட்டது.

"கம்பெனி தொலைச்சுது. வீட்ல பூட்டி வெச்சவாதான் காப்பாத்தினா. இப்ப சொல்லு."

என்னத்தைச் சொல்ல? வி.ஏ.கே. ரங்காராவ் மாதிரி சிலர் பல்லாயிரம் தட்டுகளைப் பைத்தியம் மாதிரி சேர்க்காமல் போயிருந்தால், நம் பழைய பாட்டுகளில் எத்தனை குப்பைக்குப் போயிருக்குமோ? பூட்டி வைப்பவரைக் கிண்டல் செய்கிற நாம், பல சமயம் அவர் பூட்டி வைத்ததைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் பாருங்கள், நைமாவின் டேப் உலகத்தில் வேறெங்கும் இல்லை. சாரின் தட்டு அப்படியா? லட்சக்கணக்கில் விற்றது, இன்று போனிலேயே கேட்கலாம். இதற்கும் அவரிடம் பதில் இருந்தது. 1959-ல் பதிவான அன்று ஒரு டேப் மிஷின் மெதுவாக ஓடியதால், முதல் பக்கம் முழுக்கச் சுருதி கொஞ்சம் ஏறித்தான் தட்டில் வந்தது. 1992-ல்தான் திருத்தினார்கள். "இப்ப நீ கேக்கறது சரியானது. நான் காதலிச்சது அந்தத் தப்பை" என்றார். மயிலாப்பூர்க்காரர் ஒருவர் சுருதி விலகலைக் காதலிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

போன வருஷம் கூப்பிட்டனுப்பினார். வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டப்போகிறார்கள். பையன் அமெரிக்காவில். ரெக்கார்டுகளை என்ன செய்வது என்று கேட்கத்தான் என்று நினைத்துப் போனேன். சாருக்கு எண்பத்தாறு. காதில் மிஷின். பேச்சு கேட்கிறது, பாட்டு, தகரத்தில் ஆணி கொட்டின மாதிரி இருக்கிறதாம். வயசானால் கீச்சென்ற மேல் ஸ்தாயி ஒலிகள்தான் காதை விட்டு முதலில் போகும். அது போன பிறகுதான் தனக்கே தெரிந்தது என்றார்.

மேஜை மேல் அந்தத் தட்டு. உறை பிரிக்காதது. என்னையே பிரிக்கச் சொன்னார். நான் தயங்கினேன், 1983 கையல்லவா? பிளேடால் கீறினேன். உள்ளே அதிர்ச்சி. இத்தனை வருஷத்தில் அந்தப் பாலித்தீனே சுருங்கிச் சுருங்கித் தட்டை லேசாக வளைத்திருந்தது. அட்டையில் பூஞ்சை வேறு. அப்பளம் அளவுக்கு இல்லை, தோசை ஓரம் மாதிரி.

சார் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். "பரவால்லப்பா, ஓடும்" என்றார்.

ஓடியது. ஊசி அலைமேல் படகு மாதிரி ஏறி இறங்க, முதலில் பியானோவும் பாஸும். அப்புறம் டேவிஸின் டிரம்பெட் நுழைகிற இடத்தில், டிரம்மர் ஜிம்மி காப் சிம்பலில் ஒரு அடி போடுவார். ஜாஸ் கேட்பவர்களுக்கு மனப்பாடமான அடி அது. அந்தத் தட்டில் வாசித்தவர்களில் கடைசியாக இருந்த காப் 2020-ல் போய்ச் சேர்ந்தார்.

சார் மிஷினைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வைத்திருந்தார். அந்த இடம் வந்ததும் கையைத் தூக்கினார்.

"அடிச்சது கேட்டுது. அப்புறம் நீளுமே... அது வரதா?"

"வரது சார்."

"எவ்வளவு நேரம்?"

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். முடிகிறவரைக்கும் கையைத் தூக்கி வைத்திருந்துவிட்டு இறக்கினேன்.