செவிக்குள் அடங்கிய ஆகாயம்

பின்புறம் மூடிய ஹெட்ஃபோன், திறந்த ஹெட்ஃபோனுக்கு ஒலித்தரத்தில் ஈடாகுமா? பொறியியல் கேள்வியாகத் தோன்றும் இதற்குள் பழைய தத்துவக் கேள்வி ஒன்று இருக்கிறது: ஒலியின் தரம் கருவியில் இருக்கிறதா, கேட்பவரிடமா? இந்தியத் தத்துவ மரபினரான நியாய வைசேடிகர்கள் ஒலியை ஆகாயத்தின் குணம் என்றார்கள். செவிப்புலன் என்பதே காதுத் துளைக்குள் எல்லை கட்டப்பட்ட ஆகாயம் என்றார்கள். அந்த இயற்பியலை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஒலி காற்றின் அதிர்வு. ஆனால் கேட்டல் எப்போதும் ஓர் எல்லைக்குள்தான் நிகழ்கிறது என்ற உண்மையை அந்தச் சிந்தனையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் அடைப்பு இருப்பதே குற்றமாகாது. அந்த அடைப்பு தன் குரலையும் இசையோடு கலக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் கலக்கிறது. ஹெட்ஃபோனின் சவ்வு முன்னால் எழுப்பும் ஒலியைப் பின்னாலும் எழுப்புகிறது. 1968இல் வந்த சென்ஹைசர் எச்டி 414 என்ற திறந்த ஹெட்ஃபோன் அந்தப் பின்புற அலையை வெளியே போகவிட்டது. மூடிய கிண்ணத்தில் அது சுவரில் பட்டுத் திரும்புகிறது. சில அதிர்வெண்கள் வீங்குகின்றன, சில மெலிகின்றன. ஒரே விலையில், அமைதியான அறையில், திறந்தது பெரும்பாலும் முந்துவது இதனால்தான். ஆனால் கடினம் வேறு, இயலாமை வேறு. 1989இல் சோனி மரக் கிண்ணங்களோடு செய்த எம்டிஆர்-ஆர்10 மூடிய வகையே. இன்றும் தலைசிறந்த ஹெட்ஃபோன்களின் வரிசையில் அதைச் சொல்கிறார்கள். 2018இல் வந்த சென்ஹைசரின் மூடிய ஹெட்ஃபோன் எச்டி 820, வளைந்த கண்ணாடியால் பின்புற அலையை உறிஞ்சும் அறைகளுக்குத் திருப்பியது. ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் நடத்திய ஆய்வுகளும், கேட்பவரின் விருப்பத்தைப் பெரிதும் தீர்மானிப்பது தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளுக்கிடையேயான சமநிலை என்றே காட்டின. அந்தச் சமநிலை மூடிய வகைக்கு எட்டாததல்ல.

திறந்ததில் கிடைக்கும் விரிவு மூடியதில் வராதே என்பார்கள். அந்த அனுபவம் மெய்தான். ஆனால் பெரும்பாலான ஒலிப்பதிவுகள் அறையில் வைத்த ஒலிபெருக்கிகளை மனத்தில் கொண்டு செய்யப்படுபவை. அங்கே இடப்பக்கப் பெட்டியின் ஒலி வலக்காதுக்கும் போய்ச் சேரும். இரு வகை ஹெட்ஃபோன்களும் அதைத் தருவதில்லை. எனவே மூலத்துக்கு உண்மையாக இருப்பதற்கு அந்த விரிவைச் சான்றாகக் காட்ட முடியாது. மின்விசிறி ஓடும் அறையில் திறந்த ஹெட்ஃபோன் வெளியுலகையும் உள்ளே விடுகிறது. வீணையின் மீட்டு தேய்ந்து அடங்கும் நுண்கணம் அந்த இரைச்சலில் கரைந்துபோகிறது. அங்கே இசைக்கு நியாயம் செய்வது மூடியதுதான்.

அப்படியானால் எல்லாமே அவரவர் மனப்போக்கா என்று கேட்கலாம். இல்லை. கிண்ணத்தின் எதிரொலியை அளக்கலாம், அறையின் இரைச்சலையும் அளக்கலாம். தரம் கருவிக்கும் காதுக்கும் இடத்துக்கும் இடையே உள்ள உறவு. உறவு என்பதால் அது பொய்யாகிவிடாது. தன் சுவரைப் பேசாமல் இருக்கச் செய்த மூடிய ஹெட்ஃபோன் திறந்ததற்கு ஈடாகும். திறந்திருப்பதாலேயே ஒரு கருவி உண்மைக்கு நெருக்கமானது என்று நம்ப நமக்குக் காரணமில்லை.