இருளில் ஒரு தயக்கம்

சரியானதைச் செய்த பின்னும் நெஞ்சம் உறுத்துமானால், அந்த உறுத்தலுக்கு என்ன பொருள்? வேறு வழியற்ற இடத்தில் ஒருவர் தயங்கி நிற்பதால் யாருக்கு என்ன பயன்? அறநூல்கள் நீண்ட விவாதங்களாக விரிக்கும் இக்கேள்விகளை, அமெரிக்கக் கவிஞர் வில்லியம் ஸ்டாஃபோர்டு பதினெட்டே அடிகளில் நம்முன் வைத்துவிட்டார். 'இருளினூடே பயணம்' என்று தமிழில் சொல்லத்தக்க அக்கவிதை, அதே பெயர் கொண்ட அவரது நூலில் 1962-இல் வெளிவந்தது. மறு ஆண்டே அந்நூல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதைப் பெற்றது.

நிகழ்ச்சி எளியது. ஆரெகன் மாநிலத்தில், வில்சன் ஆற்றை ஒட்டிச் செல்லும் ஒடுங்கிய மலைச்சாலை. இரவில் காரோட்டி வரும் ஒருவர், சாலையோரம் மானொன்று இறந்து கிடப்பதைக் காண்கிறார். அதைப் பள்ளத்தில் தள்ளிவிடுவதே அங்கு நல்லதெனக் கருதப்படுகிறது. வருகின்ற வண்டி ஒதுங்கினால் மேலும் உயிர்கள் போகக்கூடும். இறங்கிச் சென்று இழுக்கிறார். உடல் விறைத்துவிட்டது, ஆனால் வயிறு பெருத்திருக்கிறது. விலாவில் பட்ட விரல்கள் வெதுவெதுப்பை உணர்கின்றன. உள்ளே குட்டி உயிரோடு இருக்கிறது, அது பிறக்கப்போவதில்லை. அவர் தயங்குகிறார். எல்லோருக்காகவும் ஆழ்ந்து எண்ணுகிறார். பிறகு தாய்மானை ஆற்றில் தள்ளிவிடுகிறார். கவிதை முடிந்துவிடுகிறது.

இதைப் படிப்போர் இரு திறத்தாராய்ப் பிரிவதுண்டு. குட்டியைக் காப்பாற்ற முயன்றிருக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். நள்ளிரவு போன்ற இருளில், மலைச்சாலையில், கருவியும் துணையும் இன்றி நிற்பவரிடம் இதை எவ்வாறு எதிர்பார்ப்பது? மனித உயிர்கள் ஊசலாடும்போது விலங்குக்காகத் தயங்குவதே வீண் என்பர் மறுசாரார். முடிவு மாறவில்லையே, பின் தயக்கம் எதற்கு என்பது அவர்களது வாதம்.

இரண்டாம் கூற்று வலிமையுடையது. எனினும் அது ஒன்றை மறந்துவிடுகிறது. எல்லார் உயிருக்கும் உரிய இடத்தைத் தந்து எடை போட்டுப் பார்த்த பின்னரே ஒரு முடிவு நியாயமான முடிவாகிறது. தயங்காமல் தள்ளியிருந்தால், குட்டி அந்தத் தராசில் ஏறியே இருக்காது. அப்போது நிகழ்ந்திருப்பது தடையை அகற்றும் வேலை மட்டுமே. அந்தச் சில நொடிகளில்தான் ஒரு வேலை, அறச்செயலாக மாறுகிறது. அந்த வெதுவெதுப்பைக் கண்கள் காட்டவில்லை. தொட்ட விரல்களே அறிவித்தன. காரில் அமர்ந்தபடியே கடந்து போயிருப்பவருக்கு எந்தத் துயரமும் இருந்திருக்காது. எந்த உண்மையும் தெரிந்திருக்காது.

ஆனால், துயரப்பட்டுவிட்டாலே கடன் தீர்ந்ததென்று நாம் ஆறுதல் கொள்ளவும் கவிஞர் இடம் தரவில்லை. கண்ணீர் இல்லை, தன்னை நியாயப்படுத்தும் ஒரு சொல்லும் இல்லை. கார் மட்டும் உயிருள்ள பிராணியைப்போல் மெல்ல உறுமிக்கொண்டு நிற்கிறது. அதன் புகை வெப்பமாய், பின்விளக்கின் ஒளியில் சிவந்து எழுகிறது. மானைக் கொன்றது யாருடைய வண்டி என்று கவிதை சொல்வதில்லை. எனினும், அத்தகைய வண்டியொன்றில் வந்தவர்தாம் இவரும். சுற்றிலும் காடு செவிசாய்த்துக் கேட்கிறது. தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

இதை எழுதியவர் யாரென்று எண்ணும்போது கவிதை இன்னும் கனக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மனச்சான்றின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுத்தவர் ஸ்டாஃபோர்டு. 1942 முதல் 1946 வரை, போர்முனைக்கு மாற்றாக அமைந்த முகாம்களில் காடு காக்கும் பணியிலும் மண் காக்கும் பணியிலும் உழைத்தார். கொல்ல மறுத்த அம்மனிதர், தள்ளியவரை 'அவன்' என்று எழுதாமல் 'நான்' என்றே எழுதினார். தூய கைகளோடு வாழ்ந்துவிட முடியும் என்று அவர் நமக்கு உறுதி தரவில்லை.

நம் வாழ்விலும் அந்த மலைச்சாலை குறுக்கிடாமல் இல்லை. நினைவிழந்த பெற்றோருக்காக, பேசத் தெரியாத குழந்தைக்காக, வாயில்லா உயிருக்காக நாம் முடிவெடுக்க வேண்டிய வேளைகள் வருகின்றன. அவர்கள் சார்பில் எண்ணும் உரிமையை அவர்கள் நமக்குத் தரவில்லை, சூழ்நிலைதான் தந்தது. ஆகவே விரைவில் முடித்துவிட்டுப் புறப்படத் துடிக்கும் மனத்தை நாம் அஞ்ச வேண்டும். கை வைத்துப் பார்க்க வேண்டும். வெப்பம் இருக்கிறதா என்று அறிய வேண்டும். அறிந்த பிறகும் முடிவு கடினமாகவே இருக்கலாம். அக்கடினத்தைச் சுமப்பதே, பேச முடியாதவர்க்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை.