காத்திருக்கும் கண்ணிகள்

ஒரு வேலையைப் பாதியில் விட்டுவைப்பது சோம்பல் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். இரண்டு நிற பிரியோஷ் பின்னலில் மஃப்ளர் பின்னப் பழகியபின் அந்தத் தீர்ப்பை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை.

சாதாரணப் பின்னலில் ஒவ்வொரு கண்ணியையும் அந்த வரிசையிலேயே பின்னிவிடுவோம். பிரியோஷில் ஒன்றைப் பின்னினால், அடுத்ததைப் பின்னாமல் வலது ஊசிக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போதே அதன்மேல் நூலைப் போர்த்திவிட வேண்டும். கருநீலத்தில் இப்படி வரிசையின் கடைசிவரை போனபின் துணியைத் திருப்புவதில்லை. கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, மஞ்சள் நூலோடு தொடங்கிய இடத்திலிருந்தே மறுபடி புறப்படுகிறோம். வட்ட ஊசியோ, இருமுனையும் கூரான ஊசியோ இதற்காகத்தான் வேண்டியிருக்கிறது. முன்பு விட்ட கண்ணியை, அதன்மேல் கிடக்கும் நீல நூலோடு சேர்த்து மஞ்சள் பின்னுகிறது. நீலம் பின்னிய கண்ணிகள் இப்போது காத்திருக்கின்றன.

ஒரு வரிசைக்கு இரண்டு நடை. நேரமும் நூலும் கூடுதலாகவே பிடிக்கும். ஃபேர் ஐல் பின்னலில் இரு நிறங்களும் ஒரே நடையில் ஓடும். ஆனால் அப்போதைக்கு வேண்டாத நிறம் துணியின் முதுகில் தொங்கிக்கொண்டே வரும். பிரியோஷில் அப்படி எதுவும் தொங்காது. ஒருபக்கம் நீல வரிகள் எழுந்து நிற்கும், மறுபக்கம் மஞ்சள். கழுத்தில் எப்படிப் புரண்டாலும் அதற்குத் தவறான பக்கமே கிடையாது. ஆம்ஸ்டர்டாமில் குடியேறிய அமெரிக்கர் நான்சி மார்ச்சன்ட் இந்தப் பின்னலுக்கென்றே முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். அந்த ஈடுபாடு எனக்கு வியப்பாகவே இல்லை. ஒரு கண்ணியை மூன்றாக்கி, மூன்றை மீண்டும் ஒன்றாக்கினால் இலைகள் விரிகின்றன. கூட்டினாலும் குறைத்தாலும் இரண்டிரண்டாகத்தான். இல்லையென்றால் நிறங்களின் முறை கலைந்துவிடும்.

என்னை யோசிக்க வைப்பது போர்த்தப்படும் அந்த நூல். விட்ட கண்ணி கைவிடப்பட்டதல்ல என்பதற்கு அதுதான் அடையாளம். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டே வேலைக்கும் போகிறவர்களுக்கு எல்லாவற்றையும் ஒரே நடையில் முடிக்க வழியில்லை. விடத்தான் வேண்டும். ஆனால் “அப்புறம் பார்க்கலாம்” என்று விடுவதும், “ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன்னோடு உட்கார்ந்து பேசுகிறேன்” என்று விடுவதும் ஒன்றா? இரண்டாவதில், காத்திருப்பவர் கையில் பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது.

இதில் ஒரு கண்டிப்பும் உண்டு. பிரியோஷில் எந்தக் கண்ணியும் ஒரு நடைக்குமேல் காத்திருப்பதில்லை. மனிதர்களை அதைவிட வெகுகாலம் காக்கவைக்கிறோம். அண்ணனோடு பேச வேண்டியது ஒன்று அப்படித்தான் நின்றிருக்கிறது. வருகிற ஞாயிறு வருவதாக அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.